நாலு பிரவுசரும் ஒரு கேள்வியும்

2025 பெப்ரவரி 3, திங்கள்

கொழும்பில் ஏதோ ஒரு கந்தோரை மூடியபோது கழித்துவிட்ட கொம்பியூட்டர் ஒன்றை ஜமால்தீன் முதலாளி வாங்கி வந்திருக்கிறார். படகு எஞ்சின் சாமான் விற்கிற கடைக்கு இதுவே பெரிய காரியம். பழையது மாரி முழுவதும் இருமிக்கொண்டு கிடந்து போன கிழமை செத்தது. புதியதில் (புதியதாம்!) முன்பு வைத்திருந்தவர்கள் நாலு பிரவுசர் போட்டு வைத்திருக்கிறார்கள். நாலையும் திறந்தால் பாவம், மெஷினுக்கு மூச்சு வாங்குகிறது.

"ஒரு போட்டுக்கு நாலு எஞ்சின் எதுக்கு தங்கச்சி? நல்லாப் பாத்து ஒன்ட வச்சிட்டு மிச்சத்தக் கழட்டுங்க" என்றார்.

பெயர் சொன்னால் அவருக்குப் பிடிபடாது. அதனால் படத்தை வைத்துத்தான் கதை: வண்ண வட்டம், நரி, நீல அலை, சிங்கம். வட்டம் எனக்குப் பழக்கமானது. கடை ஓடர்கள் என் மெயிலில்தான் போய்வருவதால், முதல் வேலையாக அதில் என் மெயிலைத் திறந்து வைத்தேன். நரியில் எழுத்து கண்ணுக்கு இதமாக இருக்கிறது. நீல அலை பக்கத்தைத் தமிழில் வாசித்தும் காட்டுகிறது. இறக்கக்கண்டியிலிருந்து புரொப்பெல்லர் வாங்க வந்த ஒருவர், அது காற்று நிலவரம் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, "ரேடியோக்காரி மாதிரியெல்லோ கதைக்குது" என்று இன்னொரு தரம் வாசிக்க வைத்தார். சிங்கத்தில் விளம்பரத் தொல்லை இல்லை.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்? மற்றதை எழுதாமல் இருக்கத்தான்.

நேற்றுக் குளிக்கும்போது இடது மார்பின் கீழ்ப்பக்கம் கையில் ஏதோ தட்டுப்பட்டது. கொண்டைக்கடலை அளவு இருக்கும். இன்று காலையும் இருந்தது.

சரி, எழுதிவிட்டேன்.

பெப்ரவரி 5, புதன்

வட்டத்திடம் கேட்டேன். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "மார்பில் கட்டி வலி இல்லை" என்று அடித்தேன். வந்த பக்கங்களில் முதலாவதை அரைவாசிகூட வாசிக்கவில்லை. மூடிவிட்டு எஞ்சின் எண்ணெய் டப்பாக்களைத் துடைத்தேன், துடைத்ததையே திரும்பத் துடைத்தேன்.

பிறகு நரியிடம் போனேன். அது நல்ல மாதிரி. அநேகமான கட்டிகள் ஆபத்தில்லாதவை, மாதவிடாய் வருகிற நாட்களில் இப்படி வரும், தானாகவே கரையும் என்றது. எழுத்தும் பெரிது. வாசித்து முடிய ஒரு தேத்தண்ணீர் குடிக்க முடிந்தது.

இந்த ஊரில் யார் ஒரு டொக்டர் சொன்னதோடு நிற்கிறார்கள்? காலையில் பெரியாஸ்பத்திரியில் காட்டுவார்கள், பின்னேரம் காசு கட்டி இன்னொருவரிடம் சனல் பண்ணுவார்கள், இரண்டு பேரும் சொன்னது பிடிக்காவிட்டால் நாட்டு வைத்தியம் பார்க்கிற பரிசாரியாரிடம் போவார்கள். யார் நல்ல வார்த்தை சொல்கிறாரோ அவரே கெட்டிக்காரர். நானும் அதைத்தானே செய்கிறேன்.

பெப்ரவரி 6, வியாழன்

நரிதான் நல்லது. முதலாளியிடம் நரி என்றே சொல்லிவிடலாம்.

பெப்ரவரி 10, திங்கள்

ஆனாலும் நீல அலையையும் சிங்கத்தையும் கேட்காமல் விட மனம் வரவில்லை. நீல அலையை வாசிக்கவிட்டது பெரிய பிழை. ஒலிபெருக்கியைக் குறைக்க மறந்துபோனேன். அந்தப் பெண் கணீரென்ற குரலில் "மார்பகத்தில்" என்று தொடங்க, நான் வயரையே பிடுங்கினேன். கடையில் இருந்தது பில் போடுகிற ஸாலிஹா மட்டும். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, வேறு எதையோ சொல்கிற மாதிரிச் சொன்னாள்:

"அக்கா, எதத் தொறந்து கேட்டாலும் ஒரே கிணத்துலதான் தண்ணி அள்ளிட்டு வருது. கேக்கிற மாதிரிக் கேட்டா ஒரே பதில்தான்."

"இல்லை, நரி வேற மாதிரிச் சொல்லுது" என்று வாய்தவறிச் சொன்னேன்.

"அப்ப நீங்கதான் வேற மாதிரிக் கேட்டிருப்பீங்க" என்றாள்.

முகம் சுட்டது. ஓம், வேறு மாதிரித்தான் கேட்டேன். நரியிடம் நான் அடித்தது "மார்பில் வலிக்கும் கட்டி". வலிக்கிற கட்டி பெரும்பாலும் பயமில்லாதது என்று வட்டத்தில் ஒரு வரி கண்ணில் பட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போய் நரியிடம் வலிக்கிறது என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு வலியே இல்லை. அமர்த்திப் பார்த்தாலும் இல்லை. வலிக்காதா வலிக்காதா என்று நான் அமர்த்துகிற அமர்த்தலில் தோல்தான் நோகிறது.

பெப்ரவரி 11, செவ்வாய்

நரியிடம் உண்மையைச் சொன்னேன். வட்டம் சொன்ன அதே பக்கம் வந்தது.

பெப்ரவரி 13, வியாழன்

என் மனிசன் தனஞ்சயனிடம் சொல்ல வேண்டும். அது தெரியாமலா இருக்கிறேன்.

ஆனால் எந்த வாயால் சொல்வேன்? மச்சாளுக்கும் இப்படித்தான் தொடங்கியது. அவருடைய ஒரே அக்கா. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் இங்கேக்குமாக அலைந்து, கடைசியில் பெட்டியோடுதான் கூட்டிவந்தோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மகரகம என்ற ஊர்ப்பெயரையே யாரும் எடுப்பதில்லை. டீவியில் வந்தால்கூட எழுந்து போய்விடுவார். அந்த மனிசனிடம் போய் "இஞ்சரப்பா, எனக்கும்" என்று எப்படிச் சொல்ல? மட்டக்களப்பில் படிக்கிற மகளுக்கு அடுத்த மாதம் சோதனை. அவளுக்கும் சொல்ல ஏலாது.

அவரும் இப்போது சரியில்லை. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி வாசலில் காவல் வேலை முடிந்து வந்தால் முந்தியெல்லாம் வாய் ஓயாது. இப்போது தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார். நேற்று ஒரு பை தோடம்பழம் வாங்கி வந்தார். இன்றைக்கு மாதுளம்பழம். கேட்டால், "சும்மாதான், மலிவாப் போட்டவன்" என்கிறார். வேலையில் ஏதும் பிரச்சினையோ? ஆட்களைக் குறைக்கப் போகிறார்களோ?

ஒன்று போதாதென்று இதுவும்.

பெப்ரவரி 17, திங்கள்

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் வட்டத்தைத் திறந்து, கார்புரேட்டர் ஒன்றின் விலை பார்க்கத் தேடுகிற பெட்டியில் தட்டினேன். முன்பு தேடியவையெல்லாம் பெட்டிக்குக் கீழே தொங்கும்தானே. என்னுடைய கேள்வி அங்கே இருந்தது. அதற்கு மேலே நான் அடிக்காதவை இருந்தன.

"மனைவிக்கு மார்பில் கட்டி எப்படிக் கேட்பது"

"மனைவி சொல்லாமல் மறைத்தால் என்ன செய்வது"

"மார்பு கட்டி பெண் டொக்டர் திருகோணமலை"

"இரத்தம் ஊற என்ன பழம்"

முதலில் ஸாலிஹாவைத்தான் பார்த்தேன். அவளுக்கு எங்கே மனைவி? பிறகு, பழம் என்ற சொல்லில் கண் நின்றது. கதிரையில் இருந்துவிட்டேன்.

அவருடைய போனிலும் என் மெயில்தான். வாங்கிய அன்று கடைக்காரர் "மெயில் இருக்கா?" என்று கேட்க, அவருக்கு இல்லையென்று என்னுடையதையே கொடுத்தோம். இங்கே பாதிப்பேர் அப்படித்தான். வீட்டுக்கு ஒரு கிணறு மாதிரி வீட்டுக்கு ஒரு மெயில். நான் இந்தக் கடையில் யாருக்கும் தெரியாமல் கேட்ட கேள்வி சீனன்குடாவில் அவர் கைக்குள் போய் விழுந்திருக்கிறது. எப்போது பார்த்தாரோ? முதல் தோடம்பழத்துக்கு முன்பா?

பெப்ரவரி 18, செவ்வாய்

"கறிக்கு உப்புக் காணாது, இன்னும் கொஞ்சம் போடும்" என்றார். இவ்வளவும் தெரிந்துகொண்டு உப்பைப் பற்றிக் கதைக்கிறார்! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மெஷினிட்டக் கேக்கத் தெரிஞ்ச ஆளுக்கு என்னட்டக் கேக்கத் தெரியாதா? நான் என்ன, எங்கயோ இருக்கிற ஆளா? ஒரே குசினிக்குள்ள நிண்டுகொண்டு... வாய் இல்லையா?

என்று திட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினேன். கழுவிக்கொண்டிருக்கும்போதே, எனக்கு மட்டும் வாய் இல்லையா என்ற நினைப்பு வந்தது. அழுகை வந்துவிட்டது. தண்ணீரைப் பெரிதாகத் திறந்துவிட்டேன்.

பெப்ரவரி 19, புதன்

மத்தியானம் வட்டத்தைத் திறந்தேன். இந்த முறை நோயைப் பற்றிக் கேட்க ஒன்றுமில்லை, அவர் கண்ணில் படத்தான். தேடுகிற பெட்டியில் இதை அடித்தேன்:

"தனியப் போகப் பயமாக் கிடக்கு"

அழுத்தினேன். தனியாகச் சுற்றுலா போகிற பெண்களுக்கு யோசனைகள் என்று பக்கம் பக்கமாக வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு.

எண்ணெய்த் தாங்கிப் பக்கம் போன் வைத்திருக்கக் கூடாது, வேலை தொடங்கும்போது கொடுத்துவிட வேண்டும் அவருக்கு. தேத்தண்ணீர் நேரத்தில்தான் கையில் கிடைக்கும். பின்னேரம் வரை பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பார்க்கவில்லையோ? பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாரோ? வீட்டுக்கு வந்தும் ஒன்றும் சொல்லவில்லை. விளாம்பழம் கொண்டுவந்தார்.

பெப்ரவரி 20, வியாழன்

கடைக் கதவு திறந்ததும் முதல் வேலை அதுதான். பெட்டியைத் தட்டினேன்.

"எனக்கும் பயம்"

அதற்கு மேலே இன்னொன்று:

"வெள்ளிக்கிழமை லீவு எடுத்திட்டன்"

ஸாலிஹா தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். அவளுக்கு எவ்வளவு தெரியுமோ.

பின்னேரம் வீட்டுக்குப் போனபோது அவர் குசினி வாசலில் நின்றார். மோட்டார் சைக்கிள் கழுவி நின்றது. "இஞ்சரப்பா," என்று தொடங்கினார். நான்தான் கையைப் பிடித்துக் கட்டி இருக்கிற இடத்தில் வைத்தேன். அந்தக் கை எவ்வளவு நேரம் அங்கேயே இருந்தது என்று தெரியாது.

பெப்ரவரி 21, வெள்ளி

பெண் டொக்டர். இளம் பிள்ளை, சிரித்த முகம், ஆனால் கையை வைத்ததும் சிரிப்பை எடுத்து வைத்துவிட்டார். ஸ்கேன், பிறகு ஊசி குத்தி எடுத்தார்கள். "வந்தது நல்லம், அம்மா" என்றார். வந்தது நல்லமென்றால் என்ன அர்த்தம்? இல்லாததற்கு அப்படிச் சொல்வார்களா?

வெளியே வந்தால், பெண்கள் இருக்கிற வாங்குப் பலகையில் இவர் ஒருவர்தான் ஆண். ஒடுங்கிக்கொண்டு, ஹெல்மெற்றை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். நேர்ஸ் இரண்டு தரம் எழுப்பிப் பார்த்தாவாம். "என்ட மனிசி உள்ள நிக்கிறா" என்று சொல்லி அசையவில்லையாம்.

மார்ச் 4, செவ்வாய்

நோன்பு தொடங்கிவிட்டது. கடை பின்னேரத்தோடு மூடுகிறது. முதலாளி கேட்டார், "என்ன தங்கச்சி, பாத்து முடிஞ்சா? எது நல்லம்?"

"வட்டத்தையே வைப்பம்."

"நரிய அவ்வளவு புகழ்ந்தீங்க?"

"நரியும் நல்லதுதான். இது எனக்கு வசதி" என்றேன். மற்ற மூன்றையும் கழற்றினேன். மெஷின் இப்போது சுகமாக ஓடுகிறது.

ரிப்போட் இன்னும் வரவில்லை. போன் அடித்தால் ஓடிப்போய் நம்பரைப் பார்க்கிறேன்.

மார்ச் 12, புதன்

அதேதான்.

சிறியது, முற்றாத நேரத்தில் பிடித்திருக்கிறது என்றார் டொக்டர். திரும்பத் திரும்பச் சொன்னார். நான் "அதேதான்" என்பதோடு நின்றுவிட்டேன், மிச்சத்தை இவர்தான் கேட்டு வந்தார். ஒப்பரேஷனுக்கும் அதற்குப் பிறகு கரண்ட் பிடிக்கவும் (கதிர்ச் சிகிச்சைதான்) மகரகமவுக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். வழியெல்லாம் நான் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

மகள் வந்து நிற்கிறாள். சொன்னோம். அழுதாள், பிறகு எங்கள் இரண்டு பேரையும் நன்றாக ஏசினாள். ஏசட்டும், சரியான ஏச்சுத்தான்.

பயம் போகவில்லை. காலையில் கண் விழித்ததும் முதலில் அதுதான் வந்து நிற்கிறது.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவர் போனில் யாரோடோ கதைத்தார். அரைகுறைச் சிங்களத்தில், பலத்த குரலில். இடையில் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மகரகம ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு அறை இருக்காம். நானும் நிக்கலாமாம்" என்றார். அந்தப் பெயரை, மகளுக்கு முன்னால், இயல்பாகச் சொன்னார். "ஒரு கட்டிலோ ரெண்டு கட்டிலோ எண்டு கேக்கினம். என்ன சொல்ல?"

"ஒண்டு காணும், ரெண்டு பேருக்கும்" என்றேன்.