பாயசத்துக்கு மூன்றாவது வழி

என் மலர் அக்காவுக்கு,

அங்கேயும் யாரையாவது கேலி செய்து சிரித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். பல்கலைக்கழகத்தில் உங்கள் வகுப்பை இப்போது நான்தான் எடுக்கிறேன். உணவுப் பாதுகாப்பு என்றாலே மாணவர்களுக்கு இன்னமும் கொட்டாவிதான். நீங்கள் எழுதிய கதை விளையாட்டைத் திறந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் வழியில் பக்தர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொடுக்கும் பந்தல் நடத்தும் அதே கதை. மாணவர்கள் திரையில் எந்த முடிவைத் தொடுகிறார்களோ, கதை அந்தப் பக்கம் திரும்பும். நீங்கள் கண்ணை மூடிய பிறகு அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். மாற்றினால் உங்கள் குரல் போய்விடுமோ என்று பயம், அக்கா.

போன வாரம் பாயசக் கட்டம் வந்தது. நேர்த்திக்கடனாக ஓர் ஆன்ட்டி விடியற்காலையில் கொண்டுவந்த தேங்காய்ப்பால் பாயசம், உச்சிவெயிலில் கெட்டுவிட்டது. அவரோ பக்கத்திலேயே நிற்கிறார். கொடுப்பதா, கொட்டுவதா? நீங்கள் வைத்தது இரண்டே வழி. பரீட்சையில் சரியாக எழுதும் நம் தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் 'கொடு' என்று தொட்டார்கள்! கதையில் பக்தர்கள் வாந்தியெடுக்க ஆரம்பித்தார்கள்.

“தெரிஞ்சுமா குடுத்தீங்க?” என்றேன்.

வகுப்பில் வாயே திறக்காத தர்ஷினி பதில் சொன்னாள். “அவங்க முன்னாடி எப்படி டாக்டர் கொட்றது? மனசு ஒடிஞ்சிடும்லா.” அவள் வீட்டில் வருடாவருடம் பந்தல் போடுகிறார்கள்.

பக்கத்திலிருந்த சீனப் பெண் சூ லிங் மலாயில் கேட்டாள்: அந்த ஆன்ட்டியிடம் பேசிப் பார்க்க வழியே இல்லையா?

நம் இருவருக்கும் இது ஏன் தோன்றவில்லை, அக்கா?

தர்ஷினி எழுந்து, சூ லிங்கையே ஆன்ட்டியாக நிறுத்தித் தமிழில் பேசிக் காட்டினாள். “ஆன்ட்டி, காலைலயே சாமிக்குப் படைச்சிட்டீங்க, வேண்டுதல் நிறைவேறிடுச்சு. மிச்சம் கெட்டுப்போச்சு, யாருக்கும் குடுக்க வேணாம். வாங்க, நம்ம ரெண்டு பேரும் தண்ணி குடுப்போம்.” சூ லிங்குக்குப் புரிந்ததோ என்னவோ, பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினாள். வகுப்பே கைதட்டியது.

“இதையும் கதைல போடுங்க டாக்டர்!” என்று பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தேன். கை ஓடவில்லை, அழுகை வந்தது. பிறகு தர்ஷினி சொன்னதை அப்படியே மூன்றாவது வழியாகச் சேர்த்தேன். நீங்கள் எழுதியது போலவே இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். அது அவள் குரல்தான். ஆனால் அதன் பக்கத்தில் உங்கள் குரல் எனக்கு இன்னும் தெளிவாகக் கேட்டது. மனசு நிறைந்துவிட்டது, அக்கா.

உங்கள் கதையை இனிப் பூட்டி வைக்க மாட்டேன். வருகிற பிள்ளைகளும் எழுதட்டும். அந்தக் கதைப் பந்தலில் உங்களைத் தனியாக நிற்க விடமாட்டேன், இது சத்தியம்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கை,
சுமதி