வாடை இல்லாத பசை

மார்ச் 4, திங்கள்

என் அருமை வாயாடிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நான் நலம். உன் அண்ணனும் நலம், அவருடைய குறட்டை முன்னைவிட நலம். உன் குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதா? முதல் கடி எனக்குத்தான் என்று அவளிடம் சொல்லி வை.

மூன்று வாரமாக எழுதவில்லை என்று திட்டாதே. பாக்கெட்டுக்காக இரண்டு பிலிமை ஒன்றாக ஒட்டுகிற எங்கள் லேமினேஷன் அறையில் புது மெஷின், புதுப் பசை. தின்னர் கலக்காத பசை. பழைய பசையின் வாடைதான் உனக்குத் தெரியுமே, உன் அண்ணன் வாசலிலேயே, "முதல்ல போய் தலைக்கு ஊத்திட்டு வா, அப்புறம் பேசு" என்பார். இப்போது துளி வாடை கிடையாது. தலைவலியும் போயிற்று. நேற்று என்னை முகர்ந்து பார்த்துவிட்டு, "வேலைக்குப் போனியா, இல்ல சினிமாவுக்குப் போனியா?" என்று கேட்கிறார்!

ஆனாலும் எனக்கு இந்தப் பசை பிடிக்கவில்லை. இந்தப் பசைக்கும் பிலிம் சட்டென்று பிடிப்பதில்லை. பழையது ஒட்டினால் ஒட்டினதுதான். இது மெஷினை விட்டு வெளியே வந்த பிறகும் வழவழவென்று கிடக்கிறது. இழுப்பு கொஞ்சம் கூடினாலும் இரண்டு பிலிமுக்கும் நடுவில் குழாய் குழாயாக எழும்பி நிற்கிறது. இரண்டு டிரம்மிலிருந்து வருவதைச் சரியான அளவில் கலக்க வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அது ஜென்மத்துக்கும் இறுகாது. மெஷினைப் பொருத்த வந்த மெக்கானிக் போகும்போது, "இது காயற பசை இல்லம்மா. ஒண்ணை ஒண்ணு பிடிச்சு இறுகற பசை. சூட்டு ரூம்ல மூணு நாள் நிக்காம ஒரு ரோலையும் அனுப்பிடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

வழக்கம்போல, உங்கள் ஆலைக்குப் போகும் ரோலின் அட்டைக் குழலுக்குள் இதைச் செருகுகிறேன். நீதானே அங்கே ரோலை மெஷினில் மாட்டுகிறாய், கைவிட்டு எடுத்துக்கொள். போனில் பேசலாம் என்றால் இங்கே மேனேஜர் காது, அங்கே உன் மாமியார் காது.

உன் அண்ணி


மார்ச் 5, செவ்வாய்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன்! நேற்று எழுதியது இன்று காலை என் கையில். முன்பெல்லாம் நாலைந்து நாள் ஆகும், நீங்கள் காய்ச்சல் என்று எழுதினது எனக்கு வருவதற்குள் உங்களுக்குக் குணமாகி, அண்ணனுக்குத் தொற்றியிருக்கும். இப்போது ரோலெல்லாம் பறந்து வருகிறது. புது மெஷின் வாழ்க.

குட்டிக்குக் கீழே இரண்டு பல் எட்டிப் பார்க்கிறது. பசி தாங்கமாட்டாள். இங்கே நாங்கள் அடைக்கிற குழந்தை மாவு பாக்கெட்டில் புதுப் பிலிம் வந்ததிலிருந்து நிறைய கழிகிறது. ஓரம் சரியாக ஒட்டுவதில்லை, இழுத்தால் வாழைப்பட்டை மாதிரி இரண்டாக உரிகிறது. கழிந்த பாக்கெட்டை வீட்டுக்கு எடுத்துப்போகச் சூப்பர்வைசர் விட்டுவிடுகிறார், அவரும் எடுத்துப்போகிறார். ஆக, அத்தை கையால் ஒட்டின பாக்கெட்டில்தான் உங்கள் மருமகள் மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். என்ன கொடுப்பினை பாருங்கள்!

இதைத் திரும்பி வரும் லாரி டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் வாயாடி


மார்ச் 6, புதன்

அம்மாடி,

இதைப் படித்ததும் வேறு எந்த வேலையும் செய்யாதே. குட்டிக்கு அந்த மாவைக் கொடுக்காதே. வீட்டில் இருக்கிற பாக்கெட்டையெல்லாம் குப்பையில் போடு.

உன் கடிதத்தில் "நேற்று எழுதியது இன்று" என்று படித்தேனே, அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அது எப்படி மறுநாளே வரும்? மூன்று நாள் சூட்டறையில் நிற்க வேண்டிய ரோல் அல்லவா அது? என் மெஷினிலிருந்து இறக்கினதும் ரோலைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது எனக்குத் தெரியாது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். சூட்டறை காலி. லாரியில் ரோல் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் மூக்கரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனே, ரோலின் ஓரத்தில் மூக்கை வைத்துப் பார்த்து, "வாடை செத்துப்போச்சு, ஏத்து" என்பாரே, அவர்தான் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷமும் அவர் மூக்கு தப்பினதே இல்லை. தின்னர் வாடை சாகிறவரை பழைய ரோல் தானாகவே நாலு நாள் நின்றுவிடும். இந்தப் பசைக்குத்தான் பிறக்கும்போதே வாடை இல்லையே! முகர்கிறார், வாடை இல்லை, ஏத்து என்கிறார். யார் மேல் கோபப்படுவது?

அந்த மெக்கானிக் சொன்னதை உனக்கு முழுதாக எழுதாமல் விட்டேன். பிடிக்காமல் மிச்சம் நிற்கும் பசை உள் பிலிமைத் தாண்டிப் பண்டத்துக்குள் இறங்கும், ஈரம் பட்டால் விஷமாக மாறும், நாள்பட உடம்பைக் கெடுக்கும் என்றார். வாடையும் தெரியாது, ருசியும் தெரியாது. மூன்று நாள் சூட்டில் நின்றுவிட்டால் அடங்கிவிடும். நிற்கவில்லையே!

உங்கள் ஆபீசுக்குப் போன் போட்டேன், "வேலை நேரத்துல யாரையும் கூப்பிட முடியாது" என்று வைத்துவிட்டார்கள். இதைக் குழலில் வைத்தால் நீ எப்போது எடுப்பாயோ என்று பயம். டிரைவர் கையில் கொடுத்து, உன் கையிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். குட்டி எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுது.

உன் அண்ணி


மார்ச் 7, வியாழன்

அண்ணிக்கு,

பாக்கெட்டையெல்லாம் எறிந்துவிட்டேன். குட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். "இப்போ ஒண்ணும் தெரியல, நல்லாத்தான் இருக்கா" என்கிறார். பிறகு தெரியுமா என்று கேட்டேன். பேனாவை மூடினார். அவள் சிரித்தாலும் பயமாக இருக்கிறது, தூங்கினாலும் பயமாக இருக்கிறது, மூக்குக்குக் கீழே விரலை வைத்து வைத்துப் பார்க்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். பிடிக்காத பசை என்று உங்களுக்கு முதல் நாளே தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருநாள் எட்டிப் பார்க்க முடியவில்லையா? சரி, இப்போது தெரிந்துவிட்டதே, நேற்று ஏன் மெஷினை நிறுத்தவில்லை? இன்று காலையும் இங்கே ரோல் வந்தது. நானே மாட்டினேன். மாட்டிவிட்டுத்தான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். அந்தப் பாக்கெட்டெல்லாம் எந்தெந்த வீட்டுக்குப் போகுமோ! சூப்பர்வைசரிடம் சொன்னால், "உங்க அண்ணி சொன்னாங்கன்னு லைனை நிறுத்த முடியுமா?" என்று சிரிக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் கணவரின் தங்கை


மார்ச் 8, வெள்ளி

அம்மாடி,

நேற்று ராத்திரியே டிரைவர் உன் கடிதத்தைக் கொடுத்தார். கடைசியில் நீ போட்ட கையெழுத்தைப் பார்த்துவிட்டு உன் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். நீ கேட்டதில் தப்பே இல்லை.

காலையில் போனதும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். மேனேஜர் ஓடி வந்தார். "வாடையே இல்லையேம்மா, அப்புறம் என்ன பிரச்சினை?" என்றார். "வாடை இல்லாததுதான் சார் பிரச்சினை" என்றேன். மூக்கருக்கு முகம் சுண்டிவிட்டது. "என் மூக்கையே சந்தேகப்படுறியா?" என்று கேட்டார், பாவம். ரோலின் ஓரத்தை அவர் கையாலேயே உரிக்கச் சொன்னேன். உரிந்து வந்தது. பசை நூல் நூலாக அவர் விரலில் ஒட்டியது. அதை முகர்ந்து பார்த்தார், போய் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

கடைசியில் மேனேஜர் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். இனி எந்த ரோலும் மூன்று நாள் நிற்காமல் வெளியே போகாதாம். அனுப்பினதையும் திரும்ப வரவழைப்பாராம். அதன் பிறகே மெஷினை ஓட்டினேன். இந்த ரோலை நானே தள்ளிக்கொண்டுபோய்ச் சூட்டறையில் வைத்துக் கதவைச் சாத்தப் போகிறேன். அதற்கு முன்னால் குழலில் இதைச் செருகுகிறேன்.

ஆகவே இந்தக் கடிதம் உனக்குத் தாமதமாக வர வேண்டும். தாமதமாக வந்தால் என்னை மன்னிக்காவிட்டாலும் நம்பு. சீக்கிரம் வந்தால் இங்கே ஒருத்தர் சொல்லையும் நம்பாதே. ரோலை மாட்டாதே. யார் சொன்னாலும் மாட்டாதே.

உன் அண்ணி


மார்ச் 9, சனி

அண்ணி,

உங்கள் கடிதம் இன்று காலையே வந்துவிட்டது.

குழலுக்குள் கையை விட்டபோது காகிதம் தட்டுப்பட்டது. பழைய கடிதமாக இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டே எடுத்தேன். தேதியைப் பார்த்தேன், நேற்றையது. அந்த ரோல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சூப்பர்வைசர் வந்து, "என்னம்மா, ரோல் மேல உக்காந்து லெட்டர் படிக்கிற? மாட்டு" என்றார். மாட்டமாட்டேன் என்றேன். வேலை போய்விடும் என்று சிரித்தார். போகட்டும் சார், இதை மட்டும் கேளுங்கள் என்று உங்கள் கடிதத்தை முதலிலிருந்து சத்தமாகப் படித்தேன். பசை நூல் நூலாக ஒட்டியது என்ற இடத்தில் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. ஓரத்தை இழுத்துப் பார்த்தார். உரிந்தது. நேராக அறைக்குப் போய்ப் போனை எடுத்தார். ஆபீசுக்குத்தான் பேசப்போகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போட்டார். "பாப்பா சாப்பிட்டுட்டாளா? கொடுக்காத, கொடுக்காதன்னு சொல்றேன்ல!" என்று கத்தினார். அவருக்கும் ஒரு பெண் இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

அதற்குப் பிறகுதான் லைனை நிறுத்தினார். அடைத்து வைத்த பெட்டியெல்லாம் கிடங்கிலேயே பூட்டியாயிற்று. கடைகளுக்குப் போனதைத் திரும்ப எடுக்க ஆபீசில் கத்திக்கொண்டிருக்கிறார். எவ்வளவு கிடைக்குமோ, எவ்வளவு தீர்ந்துபோனதோ.

உங்களைத் திட்டி எழுதினேன். உங்களிடம் இல்லாமல் வேறு யாரிடம் போய்க் கத்துவேன்? குட்டி விளையாடுகிறாள், என் விரலைக் கடிக்கிறாள். முதல் கடி உங்களுக்குத்தான் என்று சொல்லியும் கேட்கவில்லை. எனக்குப் பயம் போகவில்லை அண்ணி. எப்போது போகுமோ தெரியாது.

இந்த ரோல் அப்படியே உங்களுக்குத் திரும்பி வருகிறது. அதே குழலுக்குள்தான் இதைச் செருகுகிறேன். மேனேஜர் எதிரிலேயே இறக்குங்கள், அவர் எதிரிலேயே கைவிட்டு எடுத்துப் படியுங்கள். எனக்குப் பதில் எழுதி அடுத்த ரோலில் வையுங்கள். மெதுவாக வரட்டும். நான் காத்திருக்கிறேன்.

உங்கள் வாயாடி