ஊர் கேட்ட வாய்

9 மார்ச் 2004, செவ்வாய். ஹவுகெட்டோ, நோர்வே.

எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். எழுதாமல் நித்திரை வராது.

முதியோர் மண்டபத்தில் சோமாலியாக்காரர் யூசுப், எத்தியோப்பியாக்காரர் தெஸ்பாய், நான் மூவரும் ஒரே மேசையில் சீட்டுக் கடதாசி விளையாடுவோம். கதை அரைகுறை நோர்வேஜிய மொழியில். யாரைக் கண்டாலும் எந்த ஊர் என்று கேட்பது நம் தமிழ் ஆட்களின் பழக்கம். தெஸ்பாய் தன் ஊர் சோமாலிய எல்லைப் பக்கத்து ஜிஜிகா என்று போன மாரியில் சொல்லியிருந்தார். யூசுப் இளவயதில் ராணுவ லொறி ஓட்டிப் போன ஊர் என்று சொன்னதும் அதே பெயர்தான். இன்று அது ஞாபகம் வர, "ரெண்டு பேருக்கும் ஒரு ஊரப்பா!" என்று மேசையில் தட்டிச் சிரித்தேன்.

அவர்கள் சிரிக்கவில்லை.

"எப்ப அங்கை நிண்டனீர்?" என்று தெஸ்பாய் கேட்டார்.

"எங்கட படை உங்கட ஒகாடன் பக்கத்தைப் பிடிக்க வந்த நேரம். அது சோமாலியாவின்ரை நிலம் எண்டு சொல்லித்தான் எங்களை அனுப்பினவை," என்றார் யூசுப்.

"அந்தச் சண்டையிலைதான் என்ரை தம்பி செத்தவன்."

தெஸ்பாய் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். யூசுப் கடதாசியைக் கவிழ்த்து வைத்தபடியே இருந்தார்.

"ஊர் கேளாட்டில் உங்களுக்குச் சோறு இறங்காதோ அப்பா?" என்று, வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மகள் ஏசினாள்.

அவர்கள் இருவரும் ஒருநாளும் என் ஊரைக் கேட்டதில்லை. எங்கள் ஊருக்குள் லொறியில் வந்த ஆமிக்காரன் ஒருவன் வயதுபோய் என் முன்னால் இருந்தாலும், ஊரைக் கேட்காதவரை நானும் அவனோடு சிரித்து விளையாடிக்கொண்டுதான் இருப்பேன்.