மெயினை அணைத்த பிறகும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் இன்னும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் உன்னைத் திட்டுகிறார், இந்த வீட்டைப் பிடித்துத் தந்தவள் நீதானாம். பரீட்சை முடிந்ததிலிருந்து உன் தம்பி பகலெல்லாம் தூங்குகிறான். போனில் நீ சொன்னதுதான் மனதை அரிக்கிறது. அங்கே வேலையில் பேட்டரி அறைக்குள் போகுமுன் நீ வாட்சைக் கழற்றி, கையுறையும் முகக்கவசமும் மாட்டுவதற்குள் மற்றவர்கள் சிரிக்கிறார்கள் என்றாயே, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் டெக்னீஷியனாக இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரியில், கரண்ட் போனால் கை கொடுக்கிற பேட்டரி அறை உனக்குத் தெரியும், ஆளுயர ரேக்குகளில் நூற்றெண்பது பேட்டரிகள். போன செவ்வாய்க்கிழமை இரண்டு பேட்டரிகளை இணைக்கிற பட்டை ஒன்று சூடாகிறது என்று அதன் நட்டை சூப்பர்வைசரே முடுக்க வந்தார், புதிதாகச் சேர்ந்த இரண்டு இன்ஜினியர்களும் கூட நின்றார்கள். ரப்பர் உறை போட்ட ஸ்பேனர் மாடியில் இருந்தது, எடுத்து வருகிறேன் என்றேன். மெயினை அணைத்தாயிற்று, இரண்டு நிமிஷ வேலை என்று வெறும் ஸ்பேனரை எடுத்துவிட்டார். மெயினை அணைத்தால் சார்ஜர்தான் நிற்கும், பேட்டரியை யார் அணைப்பது சார் என்றேன். அவர் திரும்பாமல் நட்டில் ஸ்பேனரை மாட்டினார். ஸ்பேனர் வழுக்கி பேட்டரியின் அடுத்த முனையில் பட்டது, கண்ணைப் பறிக்கிற வெளிச்சம், இடி மாதிரி ஒரு சத்தம். ஸ்பேனர் பாதி உருகிப் பட்டையோடு ஒட்டிக்கொண்டது. பின்னால் விழுந்தவரை மூன்று பேருமாக வெளியே இழுத்துப் போட்டோம்.

அதே ஆஸ்பத்திரியில் நாலாவது மாடியில் படுத்திருக்கிறார். நேற்றுப் போய்ப் பார்த்தேன், கண் தப்பிவிட்டது, வலது கை முழுக்கக் கட்டு. அவர் மனைவி ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சூப்பர்வைசர் மெல்வதை நிறுத்திவிட்டு, "நீங்க சொன்னது காதுல விழுந்துச்சும்மா. அந்தப் புது இன்ஜினியருங்க ரெண்டு பேரும் பாத்துட்டு இருந்தாங்க, அதான் நிறுத்தல" என்றார். அவர்கள் முன்னால் அவரை மறித்துப் பேசக் கூச்சப்பட்டுத்தான் நானும் ஒரே ஒருமுறை, அதுவும் மெல்லச் சொல்லிவிட்டு நின்றேன். நாலு தடவை கத்தியிருக்கலாம். அதை அவரிடம் சொன்னேன், கட்டுப் போடாத கையால் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் கண்ணு, நீ நிதானமாகவே செய். வேறு யாராவது அவசரப்பட்டுக் கை நீட்டினால், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் உரக்கச் சொல், கேட்காவிட்டால் மறுபடி சொல். நீ நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. இதை அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், அதுவரை நீ உளறி வைக்காதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா