பத்திரிகையில் இடம்

சிங்கப்பூர்,
திங்கள் காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

கலைமதி வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? கோபமாக இருக்கிறேன் என்பதைத் தவிர எனக்கு ஒரு குறையுமில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் பத்திரிகை ஃபைலோடு இதையும் அனுப்புகிறேன்.

தம்பி வெற்றிச்செல்வன் கல்யாணப் பத்திரிகையை என்னையே வடிவமைக்கச் சொன்னீர்கள். நீங்கள் அனுப்பிய பெயர்ப் பட்டியலில் இளமதி அக்கா பெயரைக் காணோம். கேட்டால், "எடம் பத்தலத்தா" என்கிறீர்கள். அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதுதான் காரணம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு பக்கத்தில் எழுத்துக்கு இடம் பண்ணுவதையே வேலையாக வைத்திருப்பவளிடமா இந்தக் கதை?

எழுத்து பெட்டிக்குள் அடங்காவிட்டால் என் சாப்ட்வேர் மூலையில் சிவப்புக் கூட்டல் குறி காட்டும். எனக்கு அதில் ரொம்பப் பிடித்ததே அதுதான், பொய் சொல்லாது. நாற்பத்திரண்டு பெயர்களையும் அதோடு சேர்த்த ஒரு பிளக்-இன் துணை நிரல் நொடியில் மூன்று பத்தியாக அடுக்கியது. வரி இடைவெளியை அரைப் பாயின்ட் குறைத்து அக்காவைச் சேர்த்தேன். சிவப்புக் குறி வரவேயில்லை. நமக்கு உறவே இல்லாத ஒன்றியச் செயலாளர்கூட வசதியாக உட்கார்ந்திருக்கிறார்.

கல்யாணத்துக்கு எனக்கு லீவு இல்லை. ஒரு பத்திரிகைக்கு மஞ்சள் தடவி, உறையில் அம்மா கையால் என் பெயரை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இங்கே என் பெயருக்குத் தபாலே வருவதில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அச்சகத்தில் சொல்லி அக்கா பெயரை எடுத்தால், அடுத்த வரியில் இருக்கும் என் பெயரையும் எடுத்துவிடுங்கள். இரண்டு வரி காலியாகும். யாரை வேண்டுமானாலும் உட்கார வையுங்கள்.

உங்கள் மகள்,
கலைமதி