கன்னிமூலைத் தூணின் கால்

என்னை வாய் நிறைய ‘ஏட்டி’ என்று கூப்பிட்ட என் மதினிக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. வருகிற கார்த்திகையில் தெவசம். உங்கள் வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடா. உளுந்து முளைத்துவிட்டது, இன்னும் ஒரு மழை போதும். மழை என்று எழுதும்போதே கை நின்றுவிடுகிறது.

உங்கள் கூரைவீடு இருந்த இடத்தில் இப்போது ஒன்பது தட்டைக்கல்தான் கிடக்கிறது. எட்டு வெறுங்கல். ஒன்றில் மட்டும் சிமெண்டு அப்பியிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

உங்கள் அய்யா கட்டிய வீடு. ஒன்பது கருவேலத் தூண்கள், ஒவ்வொன்றின் தலையிலும் கவட்டை. கவட்டையில் விட்டம், விட்டத்தின் மேல் பனங்கைச் சட்டம், அதன் மேல் வரிச்சுக் குச்சி, எல்லாவற்றுக்கும் மேலே ஓலை. ஆணியே கிடையாது, பனைநார்க் கட்டுத்தான். தூண் எதையும் அவர் மண்ணில் ஊன்றவில்லை, கல்லின் மேல் நிறுத்தியிருந்தார். கோடையில் கரிசல் வெடித்து இறங்கும், ஐப்பசியில் ஊறிப் பொங்கும். கல்லும் தூணும் அதோடு சேர்ந்து இறங்கி ஏறும். பக்கத்திலிருந்த எங்கள் காங்கிரீட் வீட்டுச் சுவரில் விரல் நுழைகிற விரிசல் விட்டபோது சிரித்தீர்களே: “உங்க வீடு படிச்ச வீடுட்டி. அதுக்கு வளையத் தெரியாது.”

தென்மேற்கே, கன்னிமூலைத் தூணில்தான் நம் வீட்டுக் கன்னித்தெய்வம். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து வெள்ளி தவறாமல் அந்தத் தூணைக் கழுவி, மஞ்சள் பூசி, விளக்கேற்றியவள் நான். ஒரு கோடையில் அதன் காலில் கறையான் ஏறியிருந்தது. மனசு தாங்கவில்லை. கொத்தனாரைக் கூட்டிவந்து, கல்லையும் தூணின் காலையும் சேர்த்து முழங்கால் உயரத்துக்குச் சிமெண்டு போட்டேன். மேலே டைல்ஸ் ஒட்டி விளக்கு வைத்தேன்.

நீங்கள் பார்த்துவிட்டு, “என்னட்டி, தூணுக்கு பூட்ஸ் மாட்டிட்டியாக்கும்? அய்யா அதைச் சும்மாவா வெறுங்காலோட விட்டாவ?” என்றீர்கள்.

“சாமி இருக்குத எடம் மதினி. கறையான் ஏறலாமா?”

“சாமின்னு சொல்லிட்ட. இனி நான் வாயத் தொறக்க முடியுமா?” என்று போய்விட்டீர்கள்.

போன கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன். “மழ விடட்டும், வாரேன்” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தீர்கள். நனைந்த மூட்டையைத் தரையில் இறக்கினதுபோல ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். நான் சோற்றுக் கரண்டியோடு ஓடி வந்தேன். கூரை தரையில் கிடந்தது, நீங்கள் அதன் அடியில்.

அந்த வருடம் ஆவணியில்தான் கூரை வேய்கிற மாடசாமி அண்ணன் பழைய ஓலையைப் பிரிக்காமல் அதன் மேலேயே புது ஓலை வேய்ந்திருந்தார். கனம் தாங்காமல் விழுந்தது என்று ஊரே பேசியது. உங்களைத் தூக்குகிற நேரத்தில் உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், அத்தனை பேர் முன்னாலும் அவர் சட்டையைப் பிடித்தார். “நீதாம்லே எங்க அக்காவக் கொன்னுட்ட!”

“ஓல அப்படிக் கனக்காது அண்ணாச்சி. நனஞ்சாலும் தூண ஒடிக்காது அண்ணாச்சி” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். யார் கேட்டார்கள்? அதற்குப் பிறகு ஒருவரும் அவரைக் கூரை வேலைக்குக் கூப்பிடவில்லை. இப்போது தீப்பெட்டி ஆபீசில் மூட்டை தூக்குகிறார். அறுபதை நெருங்குகிற உடம்பு.

போன மாதம், விழுந்து கிடந்த மரத்தை விலைக்கு வாங்க ஓர் ஆசாரி வந்தார். உங்கள் தம்பி காட்டுக்குப் போயிருந்தார். எட்டுத் தூணின் காலையும் ஆசாரி தட்டிப் பார்த்தார், கணீரென்றது. ஒன்பதாவதில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுத்தியலால் உடைத்தார். உள்ளேயிருந்து மரம் கேப்பைக்களி மாதிரி கையோடு வந்தது.

“எந்த மடையன் தாயி இதப் பூசுனது? ஊத்துன தண்ணி எங்கன போகும்? உள்ளேயே நின்னு அழுகியிருக்கு. பாவம், ஓலைக்காரன் மேலல்லா பழி போட்டுட்டாவ!”

நான், “மோர் குடிக்கேளா?” என்று கேட்டேன்.

வீட்டில் நடக்கிற எதையும் நோட்டில் எழுதிவைக்கிறவள் நான் என்று உங்களுக்குத் தெரியும். சிமெண்டு போட்ட நாள் அதில் இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளியும் தூண் கழுவியது இருக்கிறது. ஆசாரி வந்த அன்று, ‘எட்டுத் தூண் விலைக்குப் போயிற்று, ஒன்று இற்றுவிட்டது’ என்று மட்டும் எழுதினேன். ஏன் இற்றது என்று எழுதவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் விளக்கேற்றக் கை வரவில்லை.

சாமிக்குச் செய்தது இப்படியும் ஆகுமா மதினி? அந்த மூலையில் இருந்த தாய் என் கையைப் பிடித்துத் தடுத்திருக்கக் கூடாதா? இல்லை, உங்கள் வாய் வழியாகத்தான் தடுத்தாளா? நான்தான் கேட்கவில்லையா?

நாளைக் காலையில் உங்கள் தம்பியிடம் சொல்லிவிடுவேன். அக்கா அக்கா என்று இன்னும் தூக்கத்தில் உளறுகிற மனுஷன், என்னை என்ன செய்வாரோ தெரியாது. அதன் பிறகு மாடசாமி அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்பேன். கதவைச் சாத்தினாலும் நிற்பேன். அப்புறம்தான் இந்தக் கடிதம் அச்சுக்குப் போகும், அவருக்காகப் பேச மறந்த ஊர் படிக்கட்டும். தெவசத்தன்று அவர் வந்து உட்கார்ந்தால் முதல் இலை அவருக்கு. வராவிட்டால் அந்த இலை காலியாகவே கிடக்கும். வருடா வருடம் போடுவேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
தூணின் காலைக் கட்டிய
உங்கள் தம்பி பெண்டாட்டி