ரெண்டு நிமிஷத் தமிழ்

கோலியர்ஸ் வுட், லண்டன்
14.1.2006

அன்புள்ள புவனேசன்,

சௌக்கியமா? வீட்டுக்குப் போன் பண்ணினா உன் மனைவி குணவதி எடுப்பாங்க. நான் யாருன்னு சொல்றது? அதான் உன் ஆபீசுக்கு எழுதுறேன்.

மலேசியாவுல இருந்து வந்து இங்க படிக்கிற காலத்துல நாம நடிச்ச படம் கிடைச்சிருச்சுடா. ஆம்பளையும் ஆம்பளையும் காதலிக்கிற படம், நாலே நாள்ல எடுத்தது. அப்புறம் புரொடியூசர் நமக்குத் தெரியாம வேற யாரையோ வெச்சு அம்மணக் காட்சி சேர்த்து, சோஹோவுல ஆபாசப் படக் கிளப்புல ஓட்டினானே, அதேதான். அதைச் சுத்தம் பண்ணி மார்ச்சுல சவுத் பேங்க் தியேட்டர்ல ஒரு திரைப்பட விழாவுல போடுறாங்க. இப்பத்தான் மதிப்பு வந்திருச்சாம், போ!

நாம தமிழ்ல பேசுற ரெண்டு நிமிஷத்துக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்கிறாங்க. "உங்க பாஷையில எதையாவது பேசுங்க, எவனுக்கும் புரியப் போறதில்லை"ன்னு டைரக்டர் சொன்னாரே. நான் முழிச்சேன். நீதான் பேசினே: "ஈப்போவுல அம்மா பொண்ணு பார்த்திருக்காங்க. நான் கட்ட மாட்டேன். உன்னோடதான் இருப்பேன், தர்மா." அது நடிப்பில்லைன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். அடுத்த வருஷமே அந்தப் பொண்ணுக்குத் தாலியைக் கட்டிட்டு வந்து நின்னே.

உள்ளதை உள்ளபடி எழுதட்டுமா?

அசதியோடு,
தர்மேந்திரன்

மிட்சம், லண்டன்
23.1.2006

தர்மா,

வேணாம்டா, உன் காலைப் பிடிச்சுக் கேட்கிறேன். விழா நோட்டீஸ்ல என் முகத்தைப் பார்த்துட்டு மகள் தர்ஷினி டிக்கெட்டே எடுத்துட்டா. விளையாட்டா நடிச்சேன், எல்லாம் வேஷம்னு சொல்லி வெச்சிருக்கேன். அவளுக்குத் தமிழ் அரைகுறை, எழுத்தைத்தான் படிப்பா. சாப்பாடு, குளிருன்னு எதையாவது போட்டுவிடு. இந்த வயசுல குடும்பத்தை இழக்க எனக்குத் தெம்பில்லை.

புவனேசன்

கோலியர்ஸ் வுட்
2.2.2006

புவனேசன்,

எழுதிக் குடுத்துட்டேன். "பசியாறிட்டியா? வெளிய குளிருது, கோட்டைப் போட்டுக்கோ." போதுமா?

எனக்குன்னு ஒருத்தன் சொன்னது அது ஒண்ணுதான். அதையும் என் கையாலயே அழிக்க வெச்சுட்டே. கோபமாத்தான் இருக்கு; சண்டை போடச் சக்தியில்லை. நான் அன்னிக்கு வரலை. நீ நிம்மதியா பாரு.

தர்மேந்திரன்

மிட்சம், லண்டன்
29.3.2006

தர்மா,

கடைசி நேரத்துல குணவதியும் புடவை மாத்திக்கிட்டுக் கிளம்பினா. எழுத்தைத்தான் மாத்தியாச்சேன்னு நானும் கூட்டிட்டுப் போனேன். அவளுக்குக் காது இருக்கிறது எனக்கு உறைக்கவே இல்லை, மடையன்!

கோட்டைப் போட்டுக்கோன்னு திரையில எழுத்து வந்ததும் அரங்கமே சிரிச்சுது. தர்ஷினியும் சிரிச்சா. குணவதி மட்டும் அசையலை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டினதும், "அத்தை பார்த்த அந்தப் பொண்ணு நான்தானே?"ன்னா. ஆமான்னேன். உன்னைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை. "இதை அப்பவே எங்கிட்டச் சொல்லியிருந்தா, நானாவது என்னைப் பிடிச்ச ஒருத்தரைக் கட்டியிருப்பேனே"ன்னா. அவ்வளவுதான்.

நேத்து குணவதி பெட்டியை எடுத்துக்கிட்டுத் தர்ஷினி வீட்டுக்குப் போயிட்டா. நீ என்னைத் தேடி வராதே, தர்மா. அவளுக்கே ஒரு பதில் சொல்ல முடியாதவன், உனக்கு என்ன சொல்லப் போறேன்?

புவனேசன்